கழிவு ஜலமும் நுண்பாசியும்

புதுக்கோட்டை ஜில்லாவின் சாகுபடி பெரும்பாலும் மழையையும், மழை நிரப்பும் கண்மாய்களையும் நம்பியது. ஊர் பெருகப் பெருக, வீட்டுக் கழிவும் நெல் அவிக்கும் ஆலைகளின் ஜலமும் கண்மாய்களையே நாடி ஓடுகின்றன. அத்தகைய கண்மாயில் சில தினங்களில் பச்சை படர்வதையும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதையும் குடியானவர்கள் அறிவர். பழி முழுவதும் பாசியின்மீது சுமத்தப்படுகிறது. அது நியாயமன்று.

பாசி பகலில் வெயிலின் துணையால் கரியமிலவாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகிறது. அப்பிராணவாயுவைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அதில் விடுபடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிக்கு ஆகாரமாகின்றன. இரவிலோ பாசியும் பிராணவாயுவைச் செலவிடுவதால் மீன் திணறுகிறது. இதே காரியத்தை ஏறக்குறைய ஓரடி ஆழத் தொட்டியில், ஜலத்தை ஓயாமல் கலக்கி நடத்தினால் அது சுத்திகரிப்பாகும். கலிபோர்னியாவில் ஆஸ்வால்ட் என்பார் 1950-களில் இம்முறையை வகுத்தார்.

தமிழ்நாட்டில் இதற்குத் தக்க உதாரணம் இராணிப்பேட்டை. அங்கே கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஸ்நாப் தொழிற்சாலையின் கழிவு ஜலம் அமிலத்தன்மை மிக்கது. முன்னர் அதனைக் காஸ்டிக் சோடா இட்டு முறித்து வந்தனர். அடியில் கசடு மிகுதியாகத் தங்கியது. சென்னை விவேகானந்தா கல்லூரியின் வி. சிவசுப்பிரமணியன் குழுவினர் குரோகாக்கஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியை அதில் வளர்த்தனர். பாசியே அமிலத்தைத் தணித்தது; சோடாச் செலவும் கசடும் நீங்கின. இவ்விவரங்கள் 2009-ல் வெளியாயின.

பாசியிலிருந்து எரிஎண்ணெய் எடுத்துப் பெருலாபம் காணலாம் என்போர் சொல்லை மட்டும் மிராசுதார்கள் தராசிலிட்டுப் பார்க்கவேண்டும். திறந்த தொட்டியில் ஒரு லிட்டர் ஜலத்துக்கு ஒரு கிராம் உலர்ந்த பாசி தேறுவதே அபூர்வம். ஆயிரம் லிட்டர் வடித்தாலும் ஒரு கிலோ கிட்டாது. அதில் ஐந்திலொரு பங்கு எண்ணெய் என்றே கொண்டாலும் இருநூறு கிராம். வடிப்பதற்கும் உலர்த்துவதற்கும் ஆகும் செலவை யார் தருவது? அமெரிக்க அரசாங்கம் 1978 முதல் 1996 வரை ஆராய்ந்தும், பாசியெண்ணெய் விலையில் பெட்ரோலியத்துக்கு ஈடாகவில்லை. எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபிலும் 2009-ல் இம்முயற்சியில் இறங்கி 2023-ல் விலகியது.

ஆனால் ஈரப் பாசியை உலர்த்தாமலே சாணத்துடன் கலந்து எரிவாயுக் கலத்தில் இடலாம். அடுப்புக்கு வாயுவும் வயலுக்கு எருவும் கிடைக்கும். தோல் பதனிடும் சாலை, சாயப்பட்டறை ஆகியவற்றின் ஜலத்தில் வளர்ந்த பாசி உலோகங்களை உறிஞ்சியிருக்கும். அதனை எருவாக இடலாகாது. நீலப்பச்சைப் பாசிகளுள் சில விஷமுள்ளவை. ஆதலால் திரைபோல் பச்சை மிதக்கும் கண்மாயில் மாடுகளை ஜலம் குடிக்க விடாதிருப்பது நன்று.

பாசித் தொட்டி அமைக்க விரும்பும் ஊராட்சிகள், கழிவு வாய்க்கால் கண்மாயில் சேருமிடத்துக்கு மேற்புறமாக, நாள் முழுதும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொட்டியை விட்டு வெளியேறும் ஜலத்தைப் பாய்ச்சுமுன் அதன் மாதிரியைக் குடுமியான்மலை மண் பரிசோதனை நிலையத்தில் காட்டி, உப்பின் அளவை அறிந்துகொள்ளவேண்டும். பாசி உப்பை நீக்காது.