ரக்பி லீக் ஆட்டத்தில் தேசப் பிரதிநிதிகள்

விளையாட்டுக்களாற் பெறும் கௌரவங்கள் பலவற்றுள்ளும், தன் தேசத்தின் பொருட்டு ஆடும் கௌரவமே தலைசிறந்தது என்பதை யாவரும் ஒப்புவர். கலாசாலைக் கோஷ்டிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட மாணவன், அறிவிப்புப் பலகையில் தன் பெயரைக் கண்டவுடன் அடையும் மகிழ்ச்சியை நம்மவர் அறிவர். அம்மகிழ்ச்சி பன்மடங்கு பெருகியதே தேசக் கோஷ்டியில் இடம் பெற்றவனது மகிழ்ச்சி. ஆயினும் அவ்விடத்துக்கு உரியோன் யாவன் என்று துணிவது எளிதன்று. அதில் இரண்டு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. திறமையில் மிக்கவன் யாவன் என்பது ஒன்று. அவன் எத்தேசத்தைச் சார்ந்தவன் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை ஆடுகளத்திற் கிடைக்கும். இரண்டாவதற்கு விடை அங்ஙனம் கிடைப்பதன்று. ரக்பி லீக் என்னும் பந்தாட்டத்தை இவ்விரண்டாம் வினா அதன் இளமைக்காலந்தொட்டு விடாது தொடர்ந்து வந்திருத்தலால், அவ்வாட்டத்தின் வரலாற்றைக் கொண்டு இப்பொருளை ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

ரக்பி லீக் நம்மிற் பலர் கண்டிராத ஆட்டமாதலின், அதனைப்பற்றிச் சிறிது கூறுவது அவசியம். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிரிகளின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையிற் பதிப்பதே ஆடுவோரின் நோக்கம். இதனை 'ட்ரை' என்பர். தோழருக்குப் பந்தை எறியும்போது பின்னோக்கியே எறியவேண்டும். முன்னோக்கி எறிதல் குற்றமாகும். இவ்வளவும் பழைய ரக்பி ஆட்டத்துக்கும் பொதுவே. பிரிவினை உண்டானதற்குக் காரணம் கூலி. இங்கிலாந்தின் வட பகுதியில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த தொழிலாளர், பந்தயத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலியை இழந்தனர். அந்நஷ்டத்தை ஈடு செய்யலாகாதென்று ரக்பி யூனியன் தலைவர்கள் மறுத்தனர். ஆகவே 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆந் தேதி வட நாட்டுச் சங்கங்கள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரிலுள்ள ஜார்ஜ் ஹோட்டலிற் கூடித் தனியாகப் பிரிந்தன. கூலியிழப்புக்கு ஈடாக நாளொன்றுக்கு 6 ஷில்லிங்குக்கு மேற்படாமற் கொடுக்கலாமென்று விதித்துக்கொண்டன. பின்னர் 1906-இல் ஆட்டக்காரர் தொகையையும் 15-லிருந்து 13-ஆகக் குறைத்தனர். இங்ஙனம் எழுந்த ஆட்டமே ரக்பி லீக்.

புதிய ஆட்டம் இங்கிலாந்தின் ஒரு மூலையில் மாத்திரம் வழங்கியமையால், தேசக் கோஷ்டி அமைத்தாலும் எதிர்த்து ஆட வேறு தேசம் இல்லை. ஆதலின் 1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆந் தேதி விகன் நகரில் நடந்த முதலாவது தேசப் பந்தயத்தில், இங்கிலாந்துக்கு எதிராக 'ஏனைய தேசத்தார்' என்னும் பெயருடன் ஒரு கோஷ்டி நிறுத்தப்பட்டது. வடநாட்டுச் சங்கங்களில் ஆடிக்கொண்டிருந்த வேல்ஸ் நாட்டாரும் ஸ்காட்லாந்தினரும் அதிற் சேர்ந்திருந்தனர். அவர்களே 9-3 என்ற புள்ளிக் கணக்கில் வென்றனர். 'யார் எத்தேசத்தார்' என்னும் வினா இவ்வாட்டத்தின் முதற் பந்தயத்திலேயே தோன்றிவிட்டமை நோக்கத்தக்கது.

இதனினும் வியப்பானது 1907-இல் நிகழ்ந்தது. நியூஜீலந்தில் தபால் இலாகாவில் வேலை பார்த்துவந்த ஆல்பர்ட் ஹென்றி பாஸ்கர்வில் என்னும் இளைஞர் ஒரு கோஷ்டியைச் சேர்த்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் 50 பவுன் பங்குப்பணம் இட்டனர். பணத்துக்காக ஆடச் செல்வோர் என்று இகழ்ந்து சிட்னிப் பத்திரிகைகள் இவர்களுக்கு 'முழுப் பொன்னர்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டின. வழியிற் சிட்னியில் ஆடிய பின்னர், அந்நகரின் புகழ்பெற்ற வீரராகிய டாலி மெஸெஞ்சர் என்பவரைத் தம்முடன் அழைத்துச் சென்றனர். அவர் ஆஸ்திரேலியர். எனினும் நியூஜீலந்தின் சட்டையணிந்து டெஸ்ட் பந்தயங்களில் ஆடி, அப்பிரயாணத்தில் எல்லாரினும் மிகுதியான புள்ளிகளைப் பெற்றார். மறு ஆண்டாகிய 1908 மே மாதத்தில் சிட்னியில் ஆஸ்திரேலியாவும் நியூஜீலந்தும் முதன்முறை பொருதபோது, அதே மெஸெஞ்சர் ஆஸ்திரேலியாவின் பக்கம் நின்றார். பாஸ்கர்வில்லோ அம்மாதத்திலேயே பிரிஸ்பேன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் 25-ஆம் பிராயத்தில் மாண்டார். அக்காலத்தில் எவன் எத்தேசத்துக்கு ஆடலாமென்று உறுதியான விதியெதுவும் இருந்ததில்லை.

நிற்க. தேசப் பிரயாணங்கள் ஒழுங்குபட்ட பின்னர்த் தேர்வும் ஒழுங்குபட்டது. பிரிட்டிஷ் கோஷ்டி 1910 முதல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று வரலாயிற்று. தெரிவுக் குழுவினர் ஆட்டக்காரரைத் தெரிவுப் பந்தயங்களில் ஆடவிட்டுப் பார்த்து, வாக்கெடுத்து, ஏறக்குறைய 26 பேரைத் தெரிந்தெடுப்பர். அவர்கள் வீட்டையும் தொழிலையும் விட்டுப் பல மாதங்கள் கடல் கடந்து வாழவேண்டும். உலக யுத்தம் முடிந்தபின் 1946-இல் பிரயாணக் கப்பல் கிடைக்காமையால், 'இண்டாமிட்டபிள்' என்னும் விமானந்தாங்கிப் போர்க்கப்பலில் அவர்கள் சென்றனர். ஆஸ்திரேலியாவுடன் நடந்த மூன்று டெஸ்ட் பந்தயங்களில் ஒன்றிலேனும் தோல்வியுறாது மீண்டனர். அவர்களுடைய தலைவராகிய கஸ் ரிஸ்மன், லாட்வியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரிற் பிறந்தவர்.

அக்கார்டிஃப் துறைமுகம் இவ்வாட்டத்துக்கு அளித்த வீரர் வேறு இருவரையும் இங்கே கூறவேண்டும். ஒருவர் பில்லி பாஸ்டன். அவருடைய தந்தை மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியெரா லியோனிலிருந்து வந்தவர். வேல்ஸ் நாட்டு யூனியன் கோஷ்டியில் 1980-ஆம் ஆண்டுக்கு முன் கறுப்பினத்தார் எவரும் இடம் பெற்றதில்லை. பாஸ்டன் வடநாடு சென்று விகன் சங்கத்திற் சேர்ந்தார். அச்சங்கத்துக்காக ஆறே பந்தயங்கள் ஆடியிருந்த அவரைத் தெரிவுக் குழுவினர் 1954-ஆம் ஆண்டுப் பிரயாணத்துக்குத் தெரிந்தெடுத்தனர். அப்பொழுது அவருக்கு வயது 19. அப்பிரயாணத்தில் 18 பந்தயங்களில் ஆடி 36 ட்ரைகளைப் பெற்று, தம்மைத் தெரிந்தெடுத்தோரின் மதிப்பு மெய்யென்று நாட்டினார். மற்றொருவர் கிளைவ் சலிவன். 1972-இல் பிரிட்டிஷ் கோஷ்டிக்குத் தலைவரான இவரே, பிரிட்டனின் தேசக் கோஷ்டியொன்றை நடத்திய முதற் கறுப்பினத்தவர். அவ்வாண்டு பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த இறுதிப் பந்தயத்தில், தம் பக்கத்துக் கோட்டருகிலிருந்து ஆடுகளத்தின் பெரும்பகுதியை ஓடிக் கடந்து ட்ரை பெற்றார். பந்தயம் 10-10 எனச் சமமாக முடிந்ததாயினும், முந்திய பந்தயங்களில் முன்னின்றமையால் பிரிட்டனே உலகக் கோப்பையைப் பெற்றது. ரிஸ்மன், பாஸ்டன், சலிவன் ஆகிய மூவர் உருவங்களும் சேர்ந்தமைந்த சிலை 2023-இல் கார்டிஃப் துறைமுகத்தில் நிறுவப்பட்டது. பாஸ்டன் 2025-இல் 'சர்' பட்டமும் பெற்றார். ஒருவனைத் தன்னவன் என்று ஏற்க ஓரிடத்தார் தயங்க, வேறிடத்தார் ஏற்றுப் பயன் கொண்டதற்கு இஃது ஓர் உதாரணம்.

இனி, ஒரே தேசத்துக்குள் நிகழும் மாகாணப் பந்தயங்களிலும் இவ்வினா எழுந்ததைக் காண்போம். ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து என்னும் மாகாணங்கள் 1908 முதல் தம்முட் பொருது வந்தன. எந்த மாகாணத்துச் சங்கத்தில் ஆடுகின்றானோ அந்த மாகாணத்துக்கே ஒருவன் பிரதிநிதியாவான் என்பது பழைய விதி. சிட்னிச் சங்கங்கள் பொருள் மிக்கவை. அவை குவீன்ஸ்லாந்தின் நல்ல வீரரைக் கூலி கொடுத்து அழைத்துக்கொண்டமையால், அம்மாகாணத்தார் தாங்கள் வளர்த்த வீரராலேயே ஆண்டுதோறும் தோல்வியுற்றனர். இக்குறை நீங்க, ஒருவன் முதன்முதலில் எம்மாகாணத்தில் ஆடத் தொடங்கினானோ அம்மாகாணத்துக்கே ஆடவேண்டுமென்னும் புது விதி, 1980 ஜூலை 8-ஆந் தேதி பிரிஸ்பேனில் நடந்த ஒரு பந்தயத்திற் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. இதற்குப் 'பிறப்பிட மாகாணப் பந்தயம்' என்று பொருள்படப் பெயரிட்டனர். வேடிக்கைப் பந்தயமாக முடியுமென்று பலர் எண்ணினர். ஆனால் 35 வயதினரும், முன்னர் நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடியவரும், ஆஸ்திரேலியப் பழங்குடியினருமாகிய ஆர்தர் பீட்ஸன், தாம் பிறந்த குவீன்ஸ்லாந்தின் சட்டையை முதன்முறை அணிந்து தலைமை தாங்கினார். எதிர்ப்பக்கத்து நின்ற தம் சங்கத் தோழரிடத்தும் அவர் தாட்சிணியம் காட்டவில்லை. குவீன்ஸ்லாந்து 20-10 என வென்றது. 1982 முதல் மாகாணப் பந்தயங்கள் மூன்றும் அவ்விதிப்படியே நடைபெறலாயின. இன்று ஆஸ்திரேலியாவில் தேசப் பந்தயத்தினும் மிகுந்த ஆவலோடு ஜனங்கள் காண்பது இப்பந்தயங்களையே.

தேசங்களுக்கிடையே இப்போதுள்ள விதி யாதெனின், ஒருவன் பிறந்த தேசம், தாய் தந்தையர் பிறந்த தேசம், பாட்டன் பாட்டியர் பிறந்த தேசம், நெடுங்காலம் வசித்த தேசம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆடலாம் என்பதாம். இவ்விதியைப் பிழைபடக் கைக்கொண்டமையால் 2006-இல் ஓர் இழுக்கு நேர்ந்தது. ஆஸ்திரேலியாவிற் பிறந்த நேதன் ஃபீன் என்பவர், பாட்டி நியூஜீலந்தினர் என்னும் காரணத்தால் அத்தேசக் கோஷ்டியிற் சேர்க்கப்பட்டார். விசாரித்ததில் அம்மூதாட்டி அவருடைய பாட்டியல்லர், கொள்ளுப்பாட்டி என்பது தெரியவந்தது. பிரிட்டனை வென்று பெற்ற 2 புள்ளிகளையும் நியூஜீலந்து இழந்தது. ஆனால் ஃபீன் நியூஜீலந்திலேயே தங்கி ஆடி, வாசத்தினாலே உரிமை பெற்று, 2008-இல் அத்தேசம் ஆஸ்திரேலியாவை 34-20 என வென்று உலகக் கோப்பையை முதன்முறை பெற்ற பந்தயத்தில் ஆடினார். ஒரு தலைமுறைத் தவற்றால் வந்த இழுக்கை உழைப்பினால் நீக்கிக்கொண்டார் எனலாம்.

பெருந்தேசங்களாகிய ஆஸ்திரேலியா, நியூஜீலந்து, இங்கிலாந்து மூன்றும் முதல் வரிசையாகவும், ஏனையவை அடுத்த வரிசையாகவும் எண்ணப்படுகின்றன. முதல் வரிசைத் தேசமொன்றுக்கு ஆடியவன், உரிமையிருப்பின், சிறு தேசமொன்றுக்கு மாறி ஆடலாம் என்ற இணக்கமும் ஏற்பட்டது. இதனால் விளைந்த பெருமாறுதல் 2017-இல் வெளிப்பட்டது. ஆக்லாந்திற் பிறந்து நியூஜீலந்துக்குப் பல டெஸ்ட்கள் ஆடியிருந்த ஜேஸன் டௌமலோலோ, உலகக் கோப்பைக்குச் சற்று முன்னர், தம் முன்னோரின் நாடாகிய டோங்காவுக்கே ஆடுவதாக அறிவித்தார். சிட்னியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபிஃபீட்டாவும் ஆஸ்திரேலியாவை விட்டு அவருடன் நின்றார். பெருந்தேசங்கள் கொடுக்கும் ஊதியத்தை, ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்களே வாழும் அத்தீவுகளாற் கொடுக்க இயலாது. சிலர் இதனை நன்றிகேடு என்று தூற்றினர். நவம்பர் 11-ஆந் தேதி ஹாமில்டன் நகரில் நியூஜீலந்தும் டோங்காவும் சந்தித்தன. பாதி ஆட்டத்தில் 16-2 எனப் பின்தங்கியிருந்த டோங்கா, முடிவில் 28-22 என வென்றது. 2019-இல் பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் அடுத்தடுத்துத் தோற்கடித்தது. டௌமலோலோ 2016-இல் வேறொருவருடன் பங்கிட்டுக்கொண்ட சிறந்த ஆட்டக்காரர் பதக்கம், நாம் முற்கூறிய டாலி மெஸெஞ்சரின் பெயரால் வழங்குவது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவரும் இரு தேசங்களின் சட்டையணிந்தவரன்றோ?

ஸமோவாத் தீவினரின் செய்தியும் இத்தகையதே. 2022-இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையின் முதற் பந்தயத்தில் அவர்கள் இங்கிலாந்துக்கு 60-6 எனத் தோற்றனர். நான்கு வாரங்களுக்குப் பின் அதே இங்கிலாந்தை அரையிறுதியில் 27-26 என வென்றனர். அவ்வெற்றிப் புள்ளியை உதைத்துத் தந்த ஸ்டீபன் கிரைட்டன் அவ்வாண்டே நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்துக்கும் ஆடியவர். இறுதியில் ஆஸ்திரேலியா 30-10 என வென்றதாயினும், அவ்விறுதிப் பந்தயத்தில் நிற்கும் பேறு அத்தீவுகளுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

இதற்கு ஆக்ஷேபம் இல்லாமலில்லை. சட்டையை மாற்றிக்கொள்ளலாமெனில் அதன் மதிப்புக் குன்றாதோ என்று கேட்பார் உளர். இலாபத்தை நோக்கி மாறின் குன்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருளையும் நிச்சயமான வெற்றியையும் விட்டு, பாட்டனார் பிறந்த தீவுக்காக ஆடப் போகின்றவன் அச்சட்டையின் மதிப்பை உயர்த்துகின்றானேயன்றித் தாழ்த்துகின்றானல்லன். குடியேறியோர் மக்களுக்கு இரண்டு தாய்நாடுகள் உண்டு. ஒன்றை நேசிப்பதால் மற்றொன்றுக்குத் துரோகம் செய்தவராகார்.

இவற்றால் அறியக்கிடப்பன யாவை? தெரிந்தெடுப்போர் திறமையை நிறுக்கலாம். ஆனால் நிறத்தையும் செல்வத்தையும் தராசில் இடலாகாது. உரிமை கூறுவோர் தம் வரலாற்றை மெய்யாகக் கூறல்வேண்டும்; ஒரு தலைமுறை பிசகினும் ஊரார் முன் நாணவேண்டி வரும். இவ்விரண்டும் சரியாயிருப்பினும், எத்தேசத்துக்காக ஆடுவது என்பதை ஆடுவோனது மனமே துணிதல்வேண்டும். கௌரவமென்பது பிறர் கொடுப்பது. அதனைத் தாங்கும் பொறுப்போ தான் ஏற்பது. கலாசாலையின் பெயரால் ஆடுகளத்தில் இறங்கும் நம் மாணவரும், அவர்களுக்கு முன் அப்பெயரைத் தாங்கிச் சென்ற பழைய மாணவரும், இவ்வுண்மையை நன்கறிவர் என்பது நமது துணிபு.