டொலரில் எழுதிய விலை

விலைச்சீட்டில் ஓர் எழுத்தேனும் மாறாதிருக்க, ஒரு பொருளின் விலை சில மாதங்களுள் இரு மடங்கை நெருங்கக் கூடுமோ? கூடும் என்பதை இந்நாட்டு இளைஞர் 2022ஆம் ஆண்டிலே கண்டுகொண்டனர். அப்பொருள் வீடியோ விளையாட்டு. விளையாட்டுத்தானே என்று புறந்தள்ள வேண்டா. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் குடும்பங்களின் வாழ்க்கைக் கணக்கும் இதனுள் அடங்கியுள்ளது.

இவ்விளையாட்டுகள் இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியே விற்கப்படுகின்றன. விற்கும் கடைகளுள் பேர்பெற்றது, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய ஸ்டீம் என்பதாகும். ஒரு கிலோ தேயிலை வேண்டுமாயின் ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்தைக் கிள்ளியாக வேண்டும். அடுத்த கிலோவுக்கும் அதே உழைப்பு. விளையாட்டோ அவ்வாறன்று. அதை உருவாக்கத்தான் பெருஞ்செலவு. உருவான பின் மற்றுமொரு பிரதியை அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆகவே, வருவாய் குறைந்த நாடுகளிலே குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் விற்பவருக்கு இலாபமே. இந்த ஏற்பாட்டைத்தான் வட்டார விலை என்பர்.

வட்டார விலை எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. அண்டை நாடான இந்தியாவுக்கு ஸ்டீம் 2015 முதல் இந்திய ரூபாயில் விலை குறித்தது. இலங்கையருக்கோ டொலரிலேயே விலை குறிக்கப்பட்டது. 20 டொலர் விலையுள்ள விளையாட்டொன்றை எடுத்துக்கொள்வோம். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. எனவே விளையாட்டின் விலை 4,000 ரூபா. அந்நியச் செலாவணி இருப்பு வற்றிவிடவே, மத்திய வங்கி தான் பிடித்துவைத்திருந்த மாற்று வீதத்தை மார்ச் மாதத்தில் தளர்த்தியது. ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. மே மாதத்தில் டொலர் சுமார் 360 ரூபாவாயிற்று. அதே விளையாட்டுக்கு இப்போது 7,200 ரூபா. விற்றவர் விலையை ஒரு சதமும் உயர்த்தவில்லை. நம் நாணயந்தான் தாழ்ந்தது.

உள்நாட்டு நாணயத்தில் எழுதிவிட்டால் துன்பம் தீருமோ? ஆர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் அவ்வாறே எழுதியிருந்தனர். அங்கே பெசோவும் லீராவும் வீழ, விற்றவரின் வரவு சுருங்கிற்று. பிற நாட்டார் சிலர் தம்மை அந்நாட்டவர்போற் காட்டி மலிவாக வாங்கினர். 2022 ஒக்டோபரில் வால்வ் தான் பரிந்துரைக்கும் விலைகளை அந்நாடுகளுக்கு மிகவும் உயர்த்தியது. 2023 நவம்பரில் அவ்விரு நாடுகளையும் டொலர் விலைக்கே மாற்றிவிட்டது. ஆக, நாணயம் வீழுங்கால் அச்சுமையை எவரேனும் ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். உள்நாட்டு நாணயத்தில் விலை எழுதினால் விற்பவர் சுமப்பார். டொலரில் எழுதினால் வாங்குபவர் சுமப்பார்.

இதே அளவுகோலைத் தேயிலை மலைக்குக் கொண்டுவருவோம். நம் தேயிலை வெளிநாடுகளிலே டொலருக்கு விற்பனையாகிறது. ஆதலால் ரூபா வீழ்ந்த 2022இல், கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி ரூபா விலை முந்தைய ஆண்டினதைப் போல ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அவ்வாண்டில் விளைச்சல் குறைந்ததும், உரமும் எரிபொருளும் விலையேறியதும் உண்மையே. ஆயினும் கொழுந்து பறித்தவரின் கூலி ரூபாவிலே எழுதப்பட்டிருந்தது. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா. அன்று அது 5 டொலர். 2022 மே மாதத்தில் அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் குறைவு. முன்பு நான்கு நாட்கூலிக்குச் சமமாயிருந்த விளையாட்டு, இப்போது ஏழு நாட்கூலியையும் விஞ்சிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. டொலர் ஏறத்தாழ 300 ரூபாவாக இருந்த அந்நாளில் அது நான்கரை டொலர். எண் உயர்ந்தது, ஆனால் பழைய 5 டொலரை அது எட்டவில்லை.

விளையாட்டை வாங்காமல் இருந்துவிடலாம். மருந்தையும் மண்ணெண்ணெயையும் கோதுமை மாவையும், பிள்ளை படிப்பதற்கான கைத்தொலைபேசியையும் அவ்வாறு விட்டுவிட இயலுமா? அவற்றின் விலைக்குப் பின்னாலும் டொலர் நிற்கிறது. வரவு ரூபாவிலும் செலவு டொலரிலுமாக இருக்கும் வீட்டிலே, நாணயம் வீழுந்தோறும் கூலி அறிவிப்பில்லாமலே வெட்டப்படுகிறது.

ஆகவே சம்பளம் உயர்ந்தது என்ற செய்தியைக் கேட்கும்போது, எத்தனை ரூபா என்பதோடு நின்றுவிடாமல், அந்த ரூபா எதனை எவ்வளவு வாங்கும் என்றும் கேட்கவேண்டும். இக்கணக்குக்குப் பெருக்கலும் வகுத்தலுமே போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடலாம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்வோரும் அதனைப் போட்டுப் பார்த்தல் நன்று.