டி-ஷர்ட் விதிகளை யார் எழுதுவது? திண்டுக்கல் ஒப்பந்தம் ஏன் பேசப்படுகிறது?

சங்கரன்கோவிலில் விசைத்தறி கூலிப் பிரச்னை வந்தால் என்ன நடக்கும்னு ஊருக்கே தெரியும். தறிச் சத்தம் நிற்கும், அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடக்கும், கடைசியில் இரு தரப்பும் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடும். கூலி போதுமா என்பது தனிச் சண்டை. ஆனால், தறி ஓட்டுகிறவர் தரப்பும் அதில் கையெழுத்திட்டிருக்கும்.

ஏற்றுமதி ஆடைகளில் கதை வேறு. வணிகமும் மனித உரிமைகளும் குறித்த வழிகாட்டு நெறிகளை ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் 2011-ல் ஏற்றது. ஆனால், அவை நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்ற தீர்மானம் 2014-ல் 20-14 என நிறைவேறியது. இந்தியா ஆதரவு, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி எதிர்ப்பு. பத்து வருஷம் தாண்டியும் பேச்சு முடியவில்லை.

அதுவரை? பிராண்டுகளே விதி எழுதும், ஆடிட்டர் வந்து டிக் அடிப்பார். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பார்?

திண்டுக்கல்லில் என்ன மாறியது?

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், எச்&எம் உடன் ஒப்பந்தம் போட்டது. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. ஆலைத் தளத்திலேயே தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். ஆலை மீறினால், பிராண்டு ஆர்டரைக் குறைக்க வேண்டும். கூர்மையான பகுதி இதுதான்.

ஒரு திருப்பமும் உண்டு. 2022 ஜூலையில் அமெரிக்க சுங்கத்துறை, கட்டாய உழைப்புப் புகாரில் அந்த ஆலையின் சரக்கை நிறுத்தியது. ஒப்பந்தம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது! ஆர்டர் நின்றால் முதலில் வேலை போவது தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். ஆலையில் நடந்த மாற்றங்களைப் பார்த்த பிறகு, செப்டம்பரில் தடை நீங்கியது.

ஐரோப்பிய யூனியனும் 2024-ல் சப்ளை செயினுக்கான சட்டம் கொண்டுவந்தது. பிரஸ்ஸல்ஸ் நாடாளுமன்றத்தில் வேடசந்தூருக்கு எம்.பி. கிடையாது. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, 2025-ல் அதைத் தளர்த்தும் வேலையும் ஆரம்பித்துவிட்டது.

திண்டுக்கல் ஒப்பந்தம் ஈஸ்ட்மேன் குழுமத்தின் சில ஆலைகளுக்கு மட்டும்தான். தென்மாவட்டங்களிலிருந்து பெண்கள் பஸ் ஏறிப்போகும் மற்ற மில்களில் இன்றைக்கும் ஆடிட்டர்தான் வருகிறார்.