முதலில் காண்பவர் தாதி

2001 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அமெரிக்காவில் சிலருக்குக் கடிதத்தோடு நோயும் போய்ச் சேர்ந்தது. உறைக்குள் அந்திராக்ஸ் கிருமித் தூள் இருந்தது. 22 பேர் நோயுற்றனர். 5 பேர் இறந்தனர்.

இப்படி நோய்க்கிருமியை ஆயுதமாக்குவதே உயிரியல் பயங்கரவாதம். குண்டு வெடித்தால் ஊரே அறியும். கிருமி சத்தமில்லாமல் பரவும். சில நாட்கள் கழித்துக் காய்ச்சல் என்று ஒருவர் வைத்தியசாலைக்கு வருவார். அவரை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் தாதிதான். இராணுவத் தாதியருக்கு இதில் தனிப் பயிற்சி கொடுப்பது அதனால்தான்.

முதலில் சந்தேகப்படப் பழக வேண்டும். கொப்புளிப்பானை எங்கள் உம்மாமாரே பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். அதில் கொப்புளங்கள் நெஞ்சிலும் முதுகிலும் அதிகம். ஒன்று காயும்போது இன்னொன்று புதிதாக எழும்பும். பெரியம்மையிலோ முகத்திலும் கைகால்களிலும் செறிந்து, எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். 1980இல் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட நோய் அது. இன்று ஒருவரிடம் அதைக் கண்டால் இயற்கையாக வந்தது என்று விட்டுவிட முடியாது. அந்திராக்ஸ் சாதாரணமாக ஆளுக்கு ஆள் தொற்றாது, பெரியம்மை தொற்றும். யாரை உடனே தனியறைக்கு மாற்றுவது என்பது இந்த அறிவைப் பொறுத்தது.

அடுத்தது பாதுகாப்பு உடை. அணிவதைவிடக் கழற்றுவதுதான் கடினம். வெளிப்புறமெல்லாம் கிருமி இருக்கலாம். கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். முகக்கவசத்தைக் கடைசியாக, நாடாவை மட்டும் பிடித்துக் கழற்ற வேண்டும். களைத்த நேரத்தில்தான் கை தவறும். ஆகவே ஒருவர் கழற்ற, மற்றவர் பார்த்துச் சொல்வார்.

2020 பெப்ரவரி 1ஆம் திகதி வூஹானிலிருந்து அழைத்து வரப்பட்ட 33 இலங்கையரை இராணுவம் தியத்தலாவையில் இரண்டு வாரம் தனிமைப்படுத்திப் பராமரித்தது. அங்கு எதிர்கொண்டது தாக்குதல் அல்ல, தொற்றுநோய். தாதிக்கோ அதே மேலங்கி, அதே கையுறை, கழற்றுவதற்கும் அதே ஒழுங்கு.