கரிசல் காட்டுப் பள்ளியும் இணையவழிக் கல்வியும்

கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப் பெற்றுள்ள சமணத் திருவுருவங்களின் அடியில் வட்டெழுத்துக்கள் காணப்படுகின்றன. குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் அவற்றுள் ஊர்ப்பெயருடன் குறிக்கப் பெற்றுள்ளனர். பல ஊரினரும் ஓரிடத்தில் கூடிப் பயின்ற மலை இது. அவ்வாறு கூட இயலாத காலத்தில் கல்வி எங்ஙனம் நடைபெறும் என்ற வினா, 2020ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்துப் பெற்றோர் முன் எழுந்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவர்களுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் கதவு திறந்தது. இடைக்காலத்தில், 2019இல் தொடங்கப் பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. பாடநூலிலுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் தீக்ஷா தளத்திலுள்ள பாடம் விரிந்தது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் வழியே வீட்டுப்பாடம் அனுப்பினர். யாவும் நற்பணிகளே. எனினும் பாடம் வீடு தேடி வந்த அளவுக்குப் பிள்ளையின் ஐயம் ஆசிரியரிடம் சென்று சேரவில்லை. பின்னர் 2023இல் வந்த மணற்கேணி செயலியும் சிறந்த காட்சிப் பாடங்களைத் தருகிறது. ஆனால் பார்ப்பது வேறு, பேசிக் கற்பது வேறு.

இவ்வேறுபாட்டை முதலில் உணர்ந்தோருள் ஆஸ்திரேலியர்கள் குறிப்பிடத் தக்கவர்கள். அந்நாட்டின் நடுப்பகுதியில், வீட்டுக்கு வீடு பல மைல் தொலைவுள்ள மாட்டுப் பண்ணைகளில் வாழும் சிறுவர்களுக்காக 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி ஏற்பட்டது. தொடக்கத்தில் ஆசிரியை பேசுவதும் பிள்ளைகள் கேட்பதுமாகவே பாடம் நடந்தது. விரைவில் பாடத்தின் முடிவில் வினாவிடை நேரம் சேர்க்கப்பட்டது. ஒரு பண்ணைச் சிறுவன் கேட்பதை மற்றப் பண்ணைச் சிறுவர்களும் கேட்டனர். அதுவரை தனித்திருந்தோர் ஒரு வகுப்பாயினர். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைப் பகுதியில் வளர்ந்து, இத்தகைய வானொலிக் கல்வி பெற்ற மார்ட்டின் டூகியாமாஸ் என்பவரே மூடில் என்னும் கற்றல் தளத்தை இயற்றியவர். 2002இல் வெளிவந்த அதனை எப்பள்ளியும் விலையின்றிப் பயன்படுத்தலாம்.

இத்தகைய தளம் செய்வது யாது? வகுப்புக்கென ஒரு பக்கம் அமைகிறது. மாணவி ஒருத்தி தன் ஐயத்தை அங்கு எழுதினால், வகுப்பினர் அனைவரும் படிப்பர். தெரிந்த மாணவர் விடை எழுதுவர். பிழையிருப்பின் ஆசிரியர் திருத்துவார். ஐவர் சேர்ந்து ஒரே கட்டுரையை எழுதவும், யார் எப்பகுதியை எழுதினர் என ஆசிரியர் அறியவும் வழியுண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவர் கைபேசி எண்ணும் பிறர் கண்ணில் படும். வயது வந்த பெண்களைப் பெற்றோர் இதற்கு அஞ்சுவது நியாயமே. கற்றல் தளத்தில் எண்ணை வெளிக்காட்டாமலே பேச முடியும்.

எதைப் பேசுவது என்பதற்குக் கரிசல் மண்ணிலேயே பொருள் கிடைக்கிறது. மழைக்கு முன்னரே புழுதியில் விதைப்பது இங்குள்ள வழக்கம். உளுந்து, பாசி, மக்காச்சோளம் ஆகியவற்றை எந்த நாளில் விதைத்தனர், முதல் மழை எப்போது பெய்தது, முளைப்பு எவ்வாறு இருந்தது என்பதைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்கள் தத்தம் வீட்டாரிடம் கேட்டு ஒரே அட்டவணையில் நிரப்பட்டும். கார், பிசானம் என நெல் விளைவிக்கும் தாமிரவருணிப் பாசனப் பகுதிப் பள்ளி ஒன்று தன் அட்டவணையை அருகில் வைக்கட்டும். வடகிழக்குப் பருவமழை பற்றிய பாடம் அப்போது வெறும் மனப்பாடமாக நின்றுவிடாது.

இடர்ப்பாடு ஒன்று உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. கூலி வேலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் செல்வோர் வீட்டில் உள்ள ஒரே கைபேசி, பகலில் வேலைக்குச் சென்றவரின் பையில் இருக்கும். இரவில் அது அண்ணன் கைக்குப் போய், தங்கைக்குக் கடைசியாகவே கிட்டும். ஆதலின் குறித்த நேரத்தில் அனைவரும் திரைமுன் அமரவேண்டும் என்னும் நேரலை வகுப்பை நாம் பரிந்துரைக்கவில்லை. இன்று எழுதிய வினாவுக்கு நாளை விடை வந்தால் போதும். எழுத்து வடிவச் செய்திக்குச் செலவாகும் டேட்டாவும் குறைவு. கைபேசி அறவே இல்லாத பிள்ளையை, இருக்கும் மூவரோடு ஒரு குழுவாக்கலாம். ஆனால் அப்பிள்ளையின் பெயரிலும் விடை பதிவாகிறதா என்று ஆசிரியர் நோக்குதல் வேண்டும். இன்றேல் கைபேசி உடையவனே குழுவுக்குத் தலைவனாகிவிடுவான்.

இதனினும் சிறந்த வழி பள்ளிக்குள்ளேயே உள்ளது. தமிழகத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப் பெற்றன. மூடில் தளத்தை ஆய்வகக் கணினி ஒன்றிலேயே நிறுவி, வெளி இணைப்பு அறுந்த நாளிலும் உள்வலையில் நடத்தலாம். மாலை மணி அடிக்குமுன் அரைமணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வைத்தால் கைபேசியில்லாதவரும் எழுதுவர். ஆசிரியரின் இரவுப் பொழுதும் காக்கப்பட வேண்டும். விடையளிக்கும் நேரம் இதுவென முன்பே அறிவித்துவிடுதல் நலம்.

பிள்ளைகளைத் தளத்தில் சேர்க்குமுன், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குத் திரையைத் திறந்து காட்டி, யார் எழுதலாம், யார் படிக்கலாம் என விளக்கி இசைவு பெறுக. தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாய்மார் வரக்கூடிய மாலை நேரத்தை அக்கூட்டத்துக்குத் தேர்ந்துகொள்வது நன்று.