பன்னிரண்டு வயதில் எதற்கு இந்த அவசரம்?

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார் சி. குணாளன். அந்தத் தேசிய சாதனையை முறியடிக்கச் சிங்கப்பூருக்கு 33 ஆண்டுகள் பிடித்தன. 2001இல் யு. கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடி, நூலிழையில் அதைத் தாண்டினார். அதற்கும் முன்பு, 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் குணாளனுக்குத் தங்கம் கைநழுவியது புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவானது. முந்தியவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். இத்தனைக்கும் குணாளன் சிறுவயது முதல் ஓடிப் பழகியவர் அல்லர். கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். இருபது வயதை எட்டிய பிறகுதான் பயிற்சியாளர் டான் எங் யூன் அவரது வேகத்தைக் கண்டு தடகளத்துக்கு இழுத்துவந்தார்.

இன்றைய சிங்கப்பூரில் அப்படித் தாமதமாக வரும் ஒருவருக்கு இடம் இருக்கிறதா?

தொடக்கநிலை 6ஆம் வகுப்பு மாணவர்கள், பிஎஸ்எல்இ மதிப்பெண் வருவதற்கு முன்பே தங்கள் திறமையைக் காட்டி உயர்நிலைப்பள்ளியில் இடம்பிடிக்க வழிசெய்கிறது நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டம். 2004இல் தொடங்கிய திட்டம் இது. 2018 முதல் உயர்நிலைப்பள்ளிகள் 20 விழுக்காடு வரையிலான இடங்களை இவ்வழியில் நிரப்பலாம். நோக்கம் நல்லது. பாடப்புத்தகத்துக்கு வெளியே ஜொலிக்கும் பிள்ளைக்கும் ஒரு கதவு திறக்க வேண்டும் என்பதே அது. ஆனால் விண்ணப்பம் மே மாதமே தொடங்கிவிடுவதால், சொல்லிக்கொள்ளும்படியான வெற்றிகள் பத்து, பதினொரு வயதுக்குள் கையில் இருக்க வேண்டும் என்ற பதற்றம் வீடுகளில் குடிபுகுந்துவிட்டது. இடம் கிடைத்தவர் அந்த விளையாட்டைத் தொடர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. பதின்மூன்று வயதில் பூப்பந்து அலுத்துப்போனால் அந்தப் பிள்ளை அதை யாரிடம் சொல்லும்?

2023 குடும்பச் செலவு ஆய்வின்படி துணைப்பாட வகுப்புகளுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி வெள்ளி செலவிடும் ஊர் இது. அதே பழக்கம் திடலுக்கும் வந்துவிட்டது. நேரடிச் சேர்க்கைக்குத் தயார்செய்வதாக விளம்பரம் செய்யும் பயிற்சி வகுப்புகள் கட்டணத்தோடு நடக்கின்றன.

சனிக்கிழமை காலையில் ஏதேனும் ஒரு பேட்டைத் திடலில் சிறுவர் கால்பந்து நடக்கும்போது பந்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் கண்களைக் கவனித்தால் விஷயம் புரியும். பந்தைத் தவறவிட்ட பையன் அதைத் துரத்துவதற்கு முன் கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். பயிற்றுவிப்பாளர் “பாஸ் கொடு” என்கிறார். அப்பா “நீயே அடிடா” என்கிறார். ஆட்டம் முடிந்ததும் எம்ஆர்டி நிலையம் வரை விசாரணை தொடர்கிறது. இந்தப் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் நியாயமில்லை. விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் போத்தலையும் காலணிப் பையையும் சுமந்து வருகிறவர்கள் அவர்கள். அவர்களது அன்பை அச்சமாக மாற்றுவது அந்தப் பன்னிரண்டு வயதுக் கெடு.

அந்தக் கெடு எவ்வளவு தவறான அளவுகோல் என்பதற்குச் சாந்தி பெரேராவைவிட வலுவான சான்று தேவையில்லை. விளையாட்டுப் பள்ளியில் படித்த அவர், 2015இல் சொந்த மண்ணில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 18 வயதில் 200 மீட்டர் தங்கம் வென்றார். 1973இல் குளோரி பார்னபஸ் வென்ற பிறகு, அந்த ஓட்டத்தில் சிங்கப்பூர் 42 ஆண்டுகள் காத்திருந்த தங்கம் அது. பிறகு காயங்கள் வந்தன, நேரங்கள் சரிந்தன. 2018இல் உயர்நிலை வீரர்களுக்கான உபகாரச் சம்பளமும் போனது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அவர் நிற்கவில்லை. 2023இல் புடாபெஸ்ட் உலக வெற்றியாளர் போட்டியில் 22.57 விநாடி, ஹாங்ஸோ ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் வெள்ளி, 200 மீட்டரில் தங்கம். 1974இல் சீ சுவீ லீ வென்றதற்குப் பிறகு, ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம். அப்போது அவருக்கு 27 வயது.

மருத்துவ உலகமும் இதைத்தான் சொல்கிறது. ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதைப் பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம், வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும் என்று 2016இல் பரிந்துரைத்தது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். நார்வே இன்னும் துணிச்சலாக நடந்துகொண்டது. அங்கே 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்குத் தனி விதிகள் உண்டு. இன்று பதினொரு வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது. பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய வெற்றியாளர் போட்டியும் கிடையாது. சிங்கப்பூரைவிடச் சற்றே குறைந்த மக்கள்தொகை கொண்ட அந்நாடு, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. பனியும் பணமும் துணை நின்றன என்பது உண்மை. ஆனால் பிள்ளைகளை அவசரப்படுத்தாததால் அந்நாடு எதையும் இழந்துவிடவில்லை.

வகுப்பறையில் சிங்கப்பூர் இந்தப் பாதையில் ஏற்கெனவே இறங்கிவிட்டது. 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளுக்கு மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் பள்ளிகளை விட்டுப் போயின. அதே மனத்தெளிவு திடலுக்கும் வர வேண்டும். சேர்க்கையின்போது பதக்கங்களுக்கான எடையைக் குறைத்து, பிள்ளையின் ஆர்வத்தையும் கற்கும் வேகத்தையும் பார்க்கலாம். பதினான்கு வயதில் புதிதாக ஒரு விளையாட்டைத் தொடங்குபவருக்குப் பள்ளி அணியில் ஓர் இடம் ஒதுக்கலாம். சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் கைதட்டலாம், உத்தரவு போடக்கூடாது என்று ஏற்பாட்டாளர்கள் விதி வைக்கலாம்.

பிள்ளைகளை அவசரமில்லாமல் ஆடவிட்டுப் பார்க்க லிட்டில் இந்தியாவின் விளிம்பிலேயே இடம் இருக்கிறது. குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்மாறிய பிறகு, ஃபேரர் பார்க் திடல் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்துக்கும் ஓட்டத்துக்கும் களமானது. அங்கே ஏறத்தாழ 1,600 வீடுகளோடு விளையாட்டை மையமாக்கிய குடியிருப்பு எழும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பழைய குத்துச்சண்டைக் கட்டடத்தைக் காப்பதும் திட்டத்தில் உண்டு. அந்தக் குடியிருப்பில் ஒரு பகுதியையாவது முன்பதிவும் கட்டணமும் தேவைப்படாத, பிள்ளைகள் தாங்களே அணி பிரித்துக்கொண்டு ஆடும் புல்தரையாக விட்டுவைக்க வேண்டும் என்று வட்டார மக்கள் இப்போதே கேட்க வேண்டும்.