முதல் மோட்டார் சைக்கிள்: வாங்கும் முன் கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் பலருக்குச் சரக்கு எடுக்க இன்றும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டோ, கடலூரோதான். பெரிய லோடு மினி வேனில் வந்துவிடும். இடையில் தீர்ந்துபோகும் இரண்டு பெட்டி சோப்பு, ஒரு மூட்டை சர்க்கரை, பாக்கி வசூல், வங்கி வேலை ஆகியவற்றுக்கு ஓர் இருசக்கர வண்டி இல்லாமல் முடிவதில்லை. இதுவரை சைக்கிளிலும் பஸ்ஸிலும் சமாளித்தவர்கள், தனியாகக் கடையைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகள், கல்லாவில் புதிதாக உட்காரும் பிள்ளைகள் என முதன்முதலாக வண்டி வாங்குகிறவர்கள் நம்மிடையே ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

ஒரு வினோதத்தை முதலில் சொல்லிவிடுவோம். மொத்த வியாபாரியிடம் மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறவர், ஷோரூமில் மட்டும் "ஆன்ரோடு இவ்வளவு" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு ரொக்கத்தை எண்ணி வைத்துவிடுகிறார். பில் இல்லாமல் சரக்கு எடுக்காதவர், எழுபது எண்பதாயிரம் ரூபாய்ப் பொருளை வெள்ளைத் தாளை நம்பி வாங்குகிறார். வண்டி டீலரும் நம்மைப் போன்ற வியாபாரிதான். அவரிடமும் வியாபாரியாகவே பேச வேண்டும்.

முதலில் எந்த வண்டி என்பதைப் பார்ப்போம். விளம்பரத்தில் வரும் நடிகரைப் பார்த்து முடிவு செய்யாமல், நீங்கள் ஏற்றப் போகும் சுமையையும் உங்கள் கால் நீளத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள். 2022-இல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ மூட்டைகள் கடைகளுக்கு வரத் தொடங்கியது நமக்குத் தெரியும். அத்தகைய மூட்டையைக் காலுக்கு முன்னால் வைத்து ஓட்ட வேண்டியவருக்கு கியர் வண்டி சரிப்படாது. பின்னால் கட்டினால் வண்டி முன்பக்கம் லேசாகி, பழகாத கை தடுமாறும்.

1980-இல் டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்தே இந்த வேலைக்கு நம் ஊர்ப்பக்கம் மொபெட்தான். அதன் வாரிசான எக்ஸ்.எல். 100 வண்டியில் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை, முன்பக்கத் தளம் சமமாக இருக்கிறது. எடை 90 கிலோவுக்குள். சாய்ந்தாலும் ஒருவரே நிமிர்த்திவிடலாம். வேகம் போதாது என்பார்கள். மார்க்கெட்டுக்குப் போய் வர அந்த வேகம் போதும்.

தினமும் நெடுஞ்சாலையில் இருபது, முப்பது கிலோமீட்டர் போகிறவருக்கு 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஏற்றது. 1994-இல் அறிமுகமான ஸ்ப்ளெண்டரை எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். அதன் எடை சுமார் 112 கிலோ. 2023-இல் வந்த ஹோண்டா ஷைன் 100 அதைவிட இலேசு, 99 கிலோ. இரண்டிலும் சீட் உயரம் ஏறக்குறைய 785 மில்லிமீட்டர். பிளாட்டினா 100 கொஞ்சம் உயரம், 807 மில்லிமீட்டர். இந்த இரண்டு சென்டிமீட்டர் சிறிதென்று நினைக்கக் கூடாது. குட்டையானவர் ரயில்வே கேட்டில் சரக்குடன் நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா, நுனிவிரல் மட்டும் தொடுகிறதா என்பது இதில்தான் இருக்கிறது. ஆகவே ஷோரூமில் செருப்போடு ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு நாலடி தள்ளியும் பாருங்கள்.

இனி டீலர் விஷயம். கிராமப்புறக் கடைத்தெருக்களில் இருப்பவர்களில் பலர் சப் டீலர்கள். அவர்களிடம் வாங்குவதில் தவறில்லை, பக்கத்தில் இருப்பதால் சௌகரியமும் உண்டு. ஆனால் பில் யார் பெயரில் வரும் என்று முதலிலேயே கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற டீலரின் பெயரில் பில் வர வேண்டும், பணமும் அந்தப் பெயருக்கே காசோலையாகவோ வங்கி மூலமாகவோ போக வேண்டும். முன்பணம் ஐந்நூறு ரூபாயானாலும் அச்சிட்ட ரசீது வாங்குங்கள்.

ஆன்ரோடு விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி விலை, ஜி.எஸ்.டி., சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், உதிரி அலங்காரப் பொருட்கள் என்று தனித்தனியாக வர வேண்டும். 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 70,000 ரூபாய் என்றால் இதில் மட்டும் 7,000 ரூபாய் மிச்சம். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு தொகை இருந்தால் எதற்கென்று கேளுங்கள். அது வரியும் அல்ல, அரசுக் கட்டணமும் அல்ல. ஐ.எஸ்.ஐ. தரமுள்ள ஹெல்மெட்டை வண்டியுடன் தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதற்குத் தனியே காசு கேட்டால் விதியை நினைவூட்டலாம்.

இன்சூரன்ஸில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "ஐந்து வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்வது பாதி உண்மை. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு கட்டாயம் என்பது மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டுமே. உங்கள் வண்டி திருடு போனாலோ நொறுங்கினாலோ பணம் தரும் பகுதி பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடும். பாலிசியில் இரண்டு தேதிகளையும் பாருங்கள். டீலர் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

சரக்கின் தேதி பார்ப்பது நம் தொழில். வண்டியிலும் பாருங்கள். தயாரான மாதமும் வருடமும் பதிவுப் புத்தகத்தில் ஏறும், பின்னால் விற்கும்போது விலையைத் தீர்மானிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய ஸ்டாக் என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயமே.

தவணையில் வாங்குவோர் "பிளாட் வட்டி" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 60,000 ரூபாய்க் கடன், மூன்று வருடம், 10 சதவீத பிளாட் வட்டி என்றால் வட்டி 18,000. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் அசல் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 18 சதவீதம். உங்கள் நடப்புக் கணக்கு உள்ள வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஷோரூமுக்குப் போவது நல்லது. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டால் உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆட்கள் பயணம் செய்யும் இவ்வகை வண்டிகளுக்கு அது கிடையாது.

நம் பகுதியில் எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர், விழுப்புரம் மாவட்டத்தில் வீடும், இந்தப் பக்கம் கடையும் வைத்திருப்போர் உண்டு. குடியிருக்கும் இடத்திலோ, தொழில் செய்யும் இடத்திலோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அங்கே பதிவு செய்யலாம் என்கிறது சட்டம். கடை முகவரிக்கு ஆதாரம் இருந்தால் அதைக் காட்டுங்கள். வரி குறைவென்று உறவினர் முகவரியில் பதிவு செய்வது வேண்டாம்.

லைசென்ஸ் எடுக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கியர் இல்லாத வண்டியில் தேர்வு கொடுத்தவருக்குக் கியர் வண்டி ஓட்ட அனுமதி இல்லை. கடைப்பையனிடம் சாவியைக் கொடுக்கும்போது அவன் வயதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2019 திருத்தச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் இருந்துவிடுகிறார்கள். கடன் கொடுத்த நிறுவனத்திடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, பதிவுப் புத்தகத்திலிருந்து அவர்கள் பெயரை நீக்க வேண்டும். தடையில்லாச் சான்றுக்குக் காலாவதித் தேதி இருக்கலாம். வாங்கிய வாரத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.